வீட்டுக்குள் பாசி வளர்ப்பு: மலைவீடுகளுக்கான செய்முறை

ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் ஓட்டுக்கூரை, மதில், குழாயடி என்று பார்க்கிற இடமெல்லாம் பாசி தானாகவே வளர்கிறது. அதையே பெயர்த்து வந்து கண்ணாடி ஜாடிக்குள் வைத்தால் இரண்டு மாதத்தில் கறுத்துக் குழைந்துவிடுகிறது. பெரும்பாலும் காரணம் இரண்டுதான். எந்த இடத்துப் பாசி எந்தப் பாத்திரத்துக்குச் சரிப்படும் என்று பார்க்காமல் வைத்தது ஒன்று. எவ்வளவு நேரம் நனைந்திருக்க வேண்டும், எவ்வளவு நேரம் காய வேண்டும் என்ற கணக்கில்லாமல் தண்ணீர் தெளித்தது இன்னொன்று. இவை இரண்டும் சரியானால் மற்றதெல்லாம் சில்லறை வேலை.

மழைக்காலத்தில் வாசற்படியில் வழுக்குகிற பச்சைப் படலம் ஆல்கா, அது இங்கே பேச்சில்லை. நகத்தால் கிளப்பினால் துண்டாக எழும்பி வர வேண்டும், உற்றுப் பார்த்தால் பொடிப்பொடி இலைகள் தெரிய வேண்டும். நமக்கு வேண்டியது அந்த மாஸ் வகைப் பாசிதான்.

எதை எடுப்பது

இயேசு சபைக் குரு ஜார்ஜ் ஃபோரோ பழனி மலையின் பாசிகளைச் சேகரித்து, அவற்றுக்கென்றே ஒரு தனிப் பட்டியலை 1961-ல் வெளியிட்டார். வீட்டில் வளர்ப்பவருக்கு அத்தனை பெயரும் தேவையில்லை. நான்கு வகையை அடையாளம் தெரிந்தால் போதும்.

சிமென்ட் தரை, மதில் தலைப்பு, நடைபாதை இடுக்கு இங்கெல்லாம் வெள்ளிச் சாயலோடு குட்டையாக, நெருக்கமாக வளர்வது பிரையம் அர்ஜென்டியம். வெயிலும் காய்ச்சலும் பழகிய பாசி. திறந்த தட்டில் வளர்க்க இதைவிடச் சுலபமானது கிடையாது. இதை மூடிய ஜாடிக்குள் போட்டால் முதலில் வெள்ளிச் சாயல் போகும், பிறகு நெடுநெடுவென்று நீளும், கடைசியில் அழுகும்.

சாலைக்காக வெட்டிய மண்சரிவுகளில் பைன் நாற்று மாதிரி விறைப்பாக நிற்பது போகொனாட்டம், பாலிட்ரைக்கம் இனங்கள். இவற்றின் தண்டு மண்ணுக்குள்ளும் ஓடும். மேல்தோலாக உரித்து எடுத்தால் பிழைக்காது. 3 முதல் 4 செ.மீ. மண்ணோடு வெட்டி எடுத்து, கொஞ்சம் ஆழமான மண்சட்டியில் வைக்க வேண்டும்.

நிழலான கல், விழுந்த கட்டை, ஈரமான மண் இவற்றின் மேல் குட்டிப் பெரணி இலைகளைப் பரப்பியதுபோல் படர்வது துயிடியம். மூடிய ஜாடிக்கு ஏற்றது இதுதான். காற்று ஈரமாகவே இருக்கும் இடத்தில் வளர்ந்து பழகியதால் ஜாடியின் புழுக்கத்தை மற்றவற்றைவிடத் தாங்கும்.

நான்காவது, எடுக்கக் கூடாதது. குப்பை எரித்த இடத்தில் ஆரஞ்சு நிறக் காம்புகளோடு கூட்டமாக எழும்புகிற ஃபுனேரியா. பள்ளிப் பாடப் புத்தகத்தில் படம் பார்த்திருப்பீர்கள். பார்க்க அழகு, ஆனால் வெறும் நிலத்தில் வந்து விதைத்தூள் (ஸ்போர்) விட்டுப் போகிற குறுகிய ஆயுள்காரன். ஜாடிக்குள் வைத்தால் சில மாதங்களில் தானே மறைந்துவிடும், பழி நம் மேல் விழும்.

சோலைக்காட்டு மரங்களில் தொங்குகிற பாசியைத் தொடவே வேண்டாம். காப்புக்காடு, முக்குருத்தி தேசியப் பூங்கா, கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் இவற்றுக்குள்ளிருந்து எதை எடுத்தாலும் சட்டப்படி குற்றம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், மூடுபனியிலேயே வாழ்ந்த அந்தப் பாசி நம் வரவேற்பறையில் நிலைப்பதும் அரிது. உங்கள் வீட்டு மதில், பழைய ஓடு, பூந்தொட்டி விளிம்பு, உரிமையாளர் அனுமதித்தால் தேயிலைத் தோட்டத்துக் கல்கட்டு, இவையே போதும். வீட்டைச் சுற்றி வளர்ந்தது வீட்டுச் சூழலுக்குப் பாதி பழகியிருக்கும்.

எடுப்பதும் சுத்தம் செய்வதும்

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை நல்ல நேரம். ஈரமாக இருக்கும்போதுதான் முழுசாகப் பெயரும், காய்ந்திருந்தால் நொறுங்கும். உறைபனி விழுந்த காலையில் எடுக்காதீர்கள். மெல்லிய தோசைத் திருப்பியைக் கிட்டத்தட்டப் படுக்கையாக அடியில் செலுத்தி, 5 முதல் 8 செ.மீ. அகலத் துண்டுகளாக எடுங்கள். ஒரு திட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம், அதையும் நடுநடுவே விட்டு விட்டு எடுத்தால் மிச்சம் படர்ந்து இடைவெளியை மூடிக்கொள்ளும். செய்தித்தாளில் சுற்றிக் கொண்டு வாருங்கள். வாய் கட்டிய பிளாஸ்டிக் பையில் போட்டு வெயிலில் நின்ற காருக்குள் ஒரு மணி நேரம் வைத்தாலே வெந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் துண்டைக் கவிழ்த்துப் பிடித்து, பழைய பல் துலக்கும் பிரஷால் அடிமண்ணைத் தட்டிவிடுங்கள். அரை செ.மீ. மண் ஒட்டியிருந்தால் போதும் (போகொனாட்டத்துக்கு மட்டும் இது பொருந்தாது). பைன் ஊசி, சில்வர் ஓக் சருகு, கற்பூர மரத்து இலைத்துணுக்கு எல்லாவற்றையும் இடுக்கியால் பொறுக்குங்கள். இதில் சோம்பல் பட்டால் ஜாடிக்குள் முதல் பூஞ்சை இந்தச் சருகில்தான் பிடிக்கும். பிறகு மழைத்தண்ணீரில் 10 நிமிடம் அமிழ்த்தி வையுங்கள். குட்டி நத்தை, மண்புழு, சில சமயம் அட்டையும் வெளியே வரும். தண்ணீரை மாற்றி இன்னொரு முறை அமிழ்த்தி எடுத்து, திறந்த தட்டில் வைத்து இரண்டு வாரம் தனியாகக் கவனியுங்கள். தட்டையாகப் பச்சை நாக்குபோல் ஏதாவது படர ஆரம்பித்தால் அது மார்கான்ஷியா. அப்போதே பிடுங்கிவிடுங்கள். விட்டால் பாசியை மூடிவிடும்.

பாத்திரமும் அடிமண்ணும்

முதல் தடவை செய்பவருக்குத் திறந்த தட்டையே சொல்வோம். 20 முதல் 25 செ.மீ. அகலம், 4 முதல் 5 செ.மீ. உயரமுள்ள சுட்ட மண்தட்டு. மண் தானே ஈரத்தை இழுத்து மெதுவாக விடும், தண்ணீர் சற்றுக் கூடினாலும் மன்னிக்கும்.

பித்தளை உருளியில் பாசி வைத்தால் பார்க்க அம்சமாகத்தான் இருக்கும். ஆனால் செம்பும் துத்தநாகமும் பாசிக்கு விஷம், பித்தளை என்பதே அவை இரண்டும் சேர்ந்த உலோகம். துத்தநாகம் பூசிய தகரத் தட்டும் ஆகாது, பாசியைக் கட்டச் செம்புக் கம்பியும் ஆகாது. உருளிதான் வேண்டும் என்றால் உள்ளே ஒரு கண்ணாடி அல்லது மண்தட்டை வைத்து அதில் பாசியை வையுங்கள், ஈரம் உருளியில் படாமல்.

அடிமண்ணுக்கு: சலித்த செம்மண் 2 பங்கு, அலசிய ஆற்றுமணல் 1 பங்கு, கோக்கோபீட் (தேங்காய் நார்த்தூள்) 1 பங்கு. கோக்கோபீட்டில் உப்பு இருக்கும். மூன்று தண்ணீர் மாற்றிப் பிழிந்த பிறகே சேருங்கள். மலையின் செம்மண் இயல்பிலேயே சற்று அமிலத்தன்மை கொண்டது. தேயிலைக்கு ஒத்துப்போகிற அந்தக் குணம் பெரும்பாலான பாசிகளுக்கும் ஒத்துப்போகும். மாட்டுச்சாணம், மண்புழு உரம், சாம்பல், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். சத்து கூடினால் பாசி வளராது, ஆல்காவும் களையும்தான் வளரும்.

மூடிய ஜாடி என்றால் 3 முதல் 5 லிட்டர் கொள்ளளவு, கை உள்ளே போகிற வாய். பழைய மிட்டாய் ஜாடி கச்சிதம். அடியில் 2 செ.மீ. கூழாங்கல், அதன் மேல் கொசுவலைத் துண்டு, அதன் மேல் நொறுக்கிய மரக்கரி ஒரு செ.மீ., பிறகு 3 செ.மீ. மண்கலவை. கரி வாடையைக் குறைக்கும் என்பார்கள். அதை நம்பி மற்றதில் கோட்டை விடாதீர்கள். கூழாங்கல்லின் உண்மையான பயன், மிச்சத் தண்ணீர் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று வெளியிலிருந்தே கண்ணுக்குத் தெரிவதுதான். கல்லின் பாதி உயரத்துக்கு மேல் தண்ணீர் நின்றால் ஜாடியைச் சாய்த்துச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிடுங்கள். மண்கலவையைக் கைப்பிடியில் இறுக்கினால் ஒன்றிரண்டு சொட்டு வடிய வேண்டும், அதற்கு மேல் வடிந்தால் ஈரம் அதிகம்.

பதிப்பது எளிது. மண்ணை நடுவில் சற்று மேடாக்கி, பாசித் துண்டுகளை விளிம்போடு விளிம்பு நெருக்கி வைத்து, உள்ளங்கையால் 10 விநாடி அழுத்துங்கள். அடியில் காற்று இடைவெளி இருந்தால் அந்த இடம் முதலில் காயும். தூக்கிக்கொண்டு நிற்கும் ஓரத்தைப் பல்குத்தும் குச்சியால் குத்தி நிறுத்துங்கள். இரும்பு ஹேர்பின் துருப்பிடித்துக் கறை விடும். பதித்து முடித்ததும் தட்டுக்கு அடி வரை நனையும்படி தண்ணீர். 3 லிட்டர் ஜாடிக்கு 20 முதல் 30 மி.லி. தெளிப்பு, அவ்வளவுதான். பிடிக்க 3 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை அங்கங்கே பழுப்பேறுவது சகஜம், கிளறிக் கிளறிப் பார்க்காதீர்கள்.

தண்ணீர்: நனைவதும் காய்வதும்

பாசிக்கு வேர் கிடையாது. அடியில் தெரியும் பழுப்பு இழைகள் பிடித்துக்கொள்ள மட்டும். தண்ணீரை இலையே வாங்கிக்கொள்கிறது, பெரும்பாலான வகைகளில் இலையின் கனம் ஒரே ஒரு செல். அதனால்தான் நிமிடத்தில் விரிகிறது, அதே வேகத்தில் சுருங்குகிறது. சுருங்கிய பாசி செத்துவிடவில்லை, வேலையை நிறுத்தி வைத்திருக்கிறது.

மறுபடி நனைந்ததும் அது முதலில் செய்வது, காய்ந்தபோது ஏற்பட்ட சேதத்தைச் சரிசெய்வது. அதற்குச் சேமிப்பிலிருந்து செலவு. அதன் பிறகுதான் வெளிச்சத்தில் உணவு தயாரித்து வரவு வைக்க முடியும். நீங்கள் போகும்போதும் வரும்போதும் இரண்டு முறை ‘புஸ் புஸ்’ என்று தெளித்து, அது பத்து நிமிடத்தில் காய்ந்துவிட்டால், ஒவ்வொரு தடவையும் செலவு மட்டுமே மிஞ்சும். தினமும் தண்ணீர் காட்டியும் பாசி தேய்ந்துகொண்டே போவதன் ரகசியம் இதுதான். நனைத்தால் நன்றாக நனையுங்கள்: இலை விரிந்து, அடிமண்ணும் ஈரமாகி, வெளிச்சத்தில் மூன்று நான்கு மணி நேரமாவது ஈரம் நிற்க வேண்டும். பிறகு மேல்பரப்பு உலரட்டும்.

நேரம் காலை. மாலையில் நனைத்தால் இரவு முழுக்க ஈரமாக இருக்கும். வெளிச்சம் இல்லாததால் வரவு இல்லை, சுவாசத்தால் செலவு மட்டும் ஓடும். வெப்பம் கூடக்கூட அந்தச் செலவும் கூடும். பத்து டிகிரிக்குக் கீழே போகிற ஊட்டி இரவில் இது பெரிதாகத் தெரியாது. அதே ஊட்டியில் ரூம் ஹீட்டர் ஓடுகிற மூடிய படுக்கையறையில் தெரியும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பது காற்றைப் பொறுத்தது. மழையும் மூடுபனியுமான நாட்களில் திறந்த தட்டுக்கு மூன்று நான்கு நாளுக்கு ஒரு தடவை போதும். அந்தக் காலமும் ஊருக்கு ஊர் மாறும்: நடுவட்டம், கூடலூர் பக்கம் ஆனி ஆடியில், குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலில் ஐப்பசி கார்த்திகையில் அதிகம். தையிலிருந்து பங்குனி வரை வறண்ட காற்று. தினமும் காலையில் ஒரு முறை, தேவைப்பட்டால் தட்டின் மேல் பாதி மூடினாற்போல் ஒரு கண்ணாடித் தகடு. மூடிய ஜாடிக்குக் கணக்கு வேறு. காலையில் கண்ணாடியில் வேர்த்து மதியத்துக்குள் தெளிந்தால் ஈரம் சரி. நாள் முழுக்க வேர்த்திருந்தால் மூடியைத் திறந்து வையுங்கள். வேர்க்கவே இல்லை என்றால் 10 மி.லி. தெளியுங்கள். முதல் இரண்டு வாரம் தினமும் அரை மணி நேரமும், அதன்பின் வாரம் இரண்டு முறையும் மூடியைத் திறந்து காற்று மாற்றுங்கள்.

மழைத்தண்ணீருக்கு நிகர் எதுவும் இல்லை. திறந்தவெளியில் வைத்த வாளியில் பிடியுங்கள்; துத்தநாகத் தகட்டுக் கூரையிலிருந்து வடிவது வேண்டாம். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை வந்தால் அகன்ற பாத்திரத்தில் ஓர் இரவு திறந்து வைத்த பிறகு ஊற்றுங்கள். ஆர்.ஓ. தண்ணீரும் நல்லதே. தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் இருந்தால் 50-க்குள் சிறப்பு, 100 வரை சமாளிக்கலாம். குடித்து மிஞ்சிய டீத்தண்ணீரைச் செடிக்கு ஊற்றும் பழக்கம் இங்கே வேண்டாம், பாலும் சர்க்கரையும் பூஞ்சைக்கு விருந்து.

வெளிச்சம்

வடக்கு ஜன்னல் என்று எல்லாக் குறிப்புகளிலும் எழுதியிருக்கும். அது தொலைவான வடநாடுகளுக்குச் சொன்னது. ஊட்டி, கொடைக்கானல் இரண்டும் 10 முதல் 11½ பாகை வடக்கில் இருப்பதால், ஏப்ரல் பின்பாதியிலிருந்து ஆகஸ்ட் பின்பாதி வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். மேகம் இல்லாத மே மாதக் காலையில் வடக்கு ஜன்னல் வழியாகவும் வெயில் நேராக உள்ளே விழும். மூடிய ஜாடி மேல் நேர் வெயில் அரை மணி நேரம் பட்டாலே உள்ளே சூடு ஏறிவிடும். வெந்த பாசி திரும்பாது. ஜன்னலிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, அல்லது வெள்ளைத் திரைக்குப் பின்னால் வையுங்கள். விளக்குப் போடாமல் செய்தித்தாளின் சின்ன எழுத்தைப் படிக்க முடிகிற இடம் என்றால் போதுமான வெளிச்சம். வெள்ளிப் பாசிக்கு மட்டும் காலை இளவெயில் ஒரு மணி நேரம் தந்தால் சாயல் மாறாமல் நெருக்கமாக இருக்கும், தட்டு திறந்திருக்க வேண்டும்.

மூடுபனி வாரக்கணக்கில் இறங்கியிருக்கும்போது 9 வாட் எல்.இ.டி. வெள்ளை பல்பு, 6500 கெல்வின், 30 முதல் 40 செ.மீ. உயரத்தில், நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம். சமையலறையும் பூஜையறையும் வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கும் ஊதுபத்திப் புகையும் இலைமேல் படிந்தால் துடைக்க வழியில்லை. கணப்பு, ஹீட்டர் இவற்றிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி இருக்கட்டும்.

என்ன தவறினால் என்ன தெரியும்

நுனி பழுப்பேறிச் சுருங்கியிருந்தால் ஒரு துண்டைத் தண்ணீரில் போடுங்கள். பதினைந்து நிமிடத்தில் பச்சை விரிந்தால் உயிர் இருக்கிறது, வெறும் வறட்சிதான். அடிப்பகுதி பழுப்பாக இருப்பது எப்போதும் உள்ளதே.

வெளிறி, ஒல்லியாக, இடைவெளி விட்டு நீண்டால் வெளிச்சம் போதவில்லை. நீண்டதைக் கத்தரித்து வெளிச்சத்தைக் கூட்டுங்கள், கத்தரித்த துணுக்குகளை எறிய வேண்டாம்.

கறுத்து, தொட்டால் குழைந்து, சாக்கடை வாடை வந்தால் அடியில் காற்றில்லாமல் அழுகுகிறது. சுற்றிலும் ஒரு செ.மீ. நல்ல பகுதியையும் சேர்த்து வெட்டி எடுத்து, அந்த இடத்து மண்ணையும் மாற்றுங்கள். மேலே மட்டும் கழுவிப் பயனில்லை.

வெள்ளைச் சிலந்திவலை போன்ற பூஞ்சையைக் காது குடையும் பஞ்சுக் குச்சியால் சுருட்டி எடுத்து, அது பிடித்திருந்த சருகையும் எடுத்து, இரண்டு நாள் மூடியைத் திறந்து வைத்தால் பெரும்பாலும் அடங்கும். மருந்து தெளித்தால் பூஞ்சையோடு பாசியும் போகலாம். இலை நுனியில் வெண்ணிறத் துகள் படிந்தால் அது பூஞ்சையல்ல, உப்பு. மழைத்தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, வழக்கமாகத் தெளிக்கும் தண்ணீரை மாற்றுங்கள். பொடிக் கறுப்பு ஈ பறந்தால் மண் அதிக ஈரம். நான்கு நாள் காயவிட்டு, பூச்சி ஒட்டிக்கொள்ளும் மஞ்சள் பசை அட்டை ஒன்றை அருகில் நிறுத்துங்கள். புளியாரை முளைத்தால் பிடுங்குங்கள். பெரணிக் கன்று முளைத்தால் எங்கள் யோசனை, ஒன்றை விட்டுவைக்கலாம். மெல்லிய காம்புகள் எழும்பி நுனியில் குப்பி தெரிந்தால் வைத்தியம் தேவையில்லை, அது விதைத்தூள் பை.

துணுக்கிலிருந்து புதுத் தட்டு

பாசியை மோரோடு மிக்ஸியில் அரைத்துப் பூசும் முறை இணையமெங்கும் சுற்றுகிறது. அதில் முளைப்பது பாசித் துணுக்குதான், மோரால் கூடுதலாகக் கிடைப்பது பூஞ்சையும் நாற்றமும். மோர் இல்லாமலே செய்யலாம். சுத்தம் செய்த பாசியை நிழலில் உலர்த்தி, விரல்களால் 5 மி.மீ. துணுக்குகளாக நொறுக்குங்கள். 20 செ.மீ. சதுரத் தட்டுக்கு ஒரு கைப்பிடி. ஈரமான அடிமண் மேல் தூவி, அழுத்தி, கண்ணாடித் தகட்டால் சிறு இடைவெளி விட்டு மூடுங்கள். இந்தக் கட்டத்தில் மட்டும் காய்வதற்கு இடமில்லை, துணுக்குகள் முளைக்கும்வரை தொடர்ந்து ஈரம் வேண்டும். நான்கு முதல் ஆறு வாரத்தில் மண்மேல் பச்சை இழை ஓடும், பிறகு குருத்து எழும்பும். முழுப் பரப்பு மூட நான்கு முதல் ஆறு மாதம். குருத்து கண்ணில் பட்டதும் மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கிக் காய்ச்சலுக்குப் பழக்குங்கள்.

நவராத்திரிக் கொலுப் பூங்காவுக்கோ கிறிஸ்துமஸ் குடிலுக்கோ வேண்டுமானால் இப்படி வளர்த்த தட்டை அப்படியே தூக்கி வைக்கலாம். சீரியல் பல்பும் வண்ணப்பொடியும் அதன்மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பத்து நாள் மங்கலான இடத்தில் இருந்தாலும் தாங்கும். கடையில் கிடைக்கும் பளீர்ப் பச்சை அலங்காரப் பாசி சாயமேற்றியது, உயிரில்லாதது; அதற்குத் தண்ணீர் காட்டினால் சாயம் போகும், அவ்வளவுதான்.

கீழ்நாட்டுக்குக் கொண்டுபோவதாக இருந்தால் முக்கால்வாசி உலர்த்திச் செய்தித்தாளில் சுற்றி அட்டைப்பெட்டியில் வையுங்கள். நனைந்த பாசியைவிட உலர்ந்த பாசிதான் பயணம் தாங்கும். போனதும் திறந்த தட்டு, மழைத்தண்ணீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீர், ஏ.சி. ஓடுகிற அறை. மதுரையிலோ கோவையிலோ சித்திரை வெயிலில் இரவும் 25 டிகிரிக்குக் குறையாதபோது மூடிய ஜாடிக்குள் மலைத் துயிடியத்தைக் காப்பாற்றுவது கடினம். அங்கே இருப்பவர்கள் ஐப்பசி மழை முடிந்ததும் சொந்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டியின் நிழல்பக்கச் சுவரைப் பாருங்கள். அதில் பிடித்திருக்கிற குட்டைப் பாசியை இதே முறையில் எடுத்து வைத்தால், அந்த ஊர் வெக்கைக்குப் பழகியது என்பதால் கோடையையும் கடக்கும்.